விசாலத்தின் குளமும் பலகை போட்ட கிணறும்

குடைக்கம்பி ஒடிந்துவிட்டது என்று எர்ணாகுளம் பிராட்வேக்குப் போயிருந்தேன். மழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியிருந்த நாள். குடைக்காரன் கம்பியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது எதிர்த் துணிக்கடையிலிருந்து ராமு இறங்கி வந்தான். மட்டாஞ்சேரியில் நம் தெருவில் பிறந்து வளர்ந்த ராமுதான். இப்போது அந்தக் கடையில் வேலை பார்க்கிறான். "சேஷு அண்ணா, அறிஞ்சேளோ? விசாலம் அக்கா போய்ட்டா. நேத்திக்கு மத்தியானம். சாயங்காலமே எடுத்தாச்சு" என்றான்.

"எந்த விசாலம்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த விசாலம் ஒருத்திதான். இருந்தாலும் கேட்டேன்.

பிறகு கோபம் வந்தது. மட்டாஞ்சேரிக்கும் நான் இருக்கிற கலூருக்கும் நடுவில் சமுத்திரமா கிடக்கிறது? ஒரு படகு, ஒரு பஸ். ஒரு ஆளை அனுப்பிச் சொல்லத் தெருக்காரர்கள் உங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லையே! கையில் அகப்பட்டவன் ராமுதான், அவனைத் திட்டித் தீர்த்தேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குடையை அங்கேயே போட்டுவிட்டு, மண்டை காயப் படகுத்துறைக்கு நடந்தேன்.

நம் சபை மலருக்கு அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நாலு வார்த்தையில் அடங்குகிற பெண்ணா அவள்? நீங்கள் எல்லோரும் அவளை அறிந்தவர்கள். ஆனால் தெருவில் பார்த்த விசாலம் வேறு, ஆபீஸில் நான் பார்த்த விசாலம் வேறு. இரண்டையும் சேர்த்து எழுதாவிட்டால் அவளுக்கு நேர்ந்தது என்னவென்று புரியாது.

நீர்வழி வேலைகளைக் கவனித்த ஓர் ஆபீஸில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஆபீஸின் பெயர் இப்போது எதற்கு? நான் படம் வரைகிறவன், அவள் கணக்குப் போடுகிறவள். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, கல்யாணம் வேண்டாம் என்று அண்ணாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, ஒரு ஆண்பிள்ளைக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஆபீஸில் கையால் சுற்றுகிற கணக்கு மெஷின் ஒன்று இருந்தது. காப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். அவள் வரும்வரை அதைத் தொட யாருக்கும் துணிச்சல் இல்லை. அவள் வந்த பிறகு அதை யாரும் தொட அவள் விடவில்லை. "இது என் பசு. மத்தவா கை பட்டா பால் தராது" என்பாள்.

யார் எந்த எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவளிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "இது பார்த்த நம்பரா, சொன்ன நம்பரா?" நேரில் போய் அளந்து பார்த்ததா, யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியதா என்று அர்த்தம். எங்கள் பெரிய சாரிடம்கூட இப்படித்தான் கேட்டாள். பெரிய சார் என்றால் ஆபீஸுக்குத் தலைமையான இன்ஜினீயர். அவர் அறைக்குள் போகும்போது நாங்களெல்லாம் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு போவோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சொன்ன நம்பர்தான் அம்மா" என்றார். "அப்போ ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கோ. நான் காத்திண்டிருக்கேன்" என்று திரும்பி வந்துவிட்டாள். ஆளை அனுப்பினார்.

இனிக் குளத்தின் கதை. வெளியூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நம் தெருவின் கோடியில், மிளகும் சுக்கும் அடுக்கிய பண்டகசாலைகளுக்குப் பின்னால், வள்ளக்குளம் இருக்கிறது. ஒரு காலத்தில் அரிசி ஏற்றிய படகுகள், வள்ளங்கள், உள்ளே வந்து கட்டுமாம். எங்கள் காலத்தில் அது மழைத்தண்ணீர் தங்குகிற இடம். சுற்றியுள்ள தெருக்களின் ஓடைகள் எல்லாம் அதில்தான் விழும். குளத்திலிருந்து, கடலோடு சேர்ந்த காயலுக்கு ஒரு கல் கட்டிய வாய்க்கால். அதை 'வாய்' என்றே சொல்வோம். காயலில் நீர் ஏறும்போது வாய் வழியாகக் குளத்துக்குள் வரும், இறங்கும்போது வெளியே போகும். வேலியேற்றம், வேலியிறக்கம் என்று இங்கே எல்லோர் வாயிலும் புழங்குகிற வார்த்தைகள். கொச்சியில் அந்த ஏற்றம் இடுப்பளவுகூட வராது. ஆனால் நம் தெரு அதைவிடத் தாழ்வு.

வாயோ குறுகல். வைகாசி நடுவில் இடவப்பாதி தொடங்கி மழை பிடித்துக்கொண்டால் குளத்தில் சேர்ந்த தண்ணீர், இறக்கம் இருக்கும் நேரத்துக்குள் வெளியே போய் முடியாது. பாதி போவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடும். நாளுக்கு நாள் மட்டம் ஏறி, கர்க்கடகத்தில், நமக்கு ஆடியில், நம் தெருவில் முழங்கால் தண்ணீர். அடுப்பைத் தூக்கி மேடையில் வைத்துச் சமைத்ததும், படுக்கையைத் தூக்கி ஊஞ்சலில் போட்டதும் உங்களுக்கு ஓர்மை இருக்கும். அந்தத் தண்ணீர் சாக்கடைத் தண்ணீர்தான், ஆனாலும் மழையில் காயலே உப்பற்றுப் போவதால் அதில் உப்புக் கிடையாது. அது வடிந்ததும் கிணற்றை இறைத்துச் சுத்தம் பண்ணினால் பழையபடி தேனாக இருக்கும்.

அந்தக் கிணறு விசாலம் இருந்த அண்ணா வீட்டு முற்றத்தில், துளசி மாடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. மட்டாஞ்சேரியில் வெட்டின இடத்திலெல்லாம் கரிப்பு. இது ஒன்றுதான் நல்ல தண்ணீர். தெரு முழுக்க அதில்தான் குடித்தது. காலையில் அந்த முற்றத்தில் வரிசையாகக் குடங்கள் இருக்கும். குடம் எடுக்க வருகிறவர்களோடு ஒரு வார்த்தை பேசாமல் விசாலத்தின் மன்னி தங்கம் யாரையும் அனுப்பமாட்டாள். சண்டை, சமாதானம், பெண் பார்ப்பது எல்லாம் அந்தக் கிணற்றடியில்தான் நடந்தது.

வருஷா வருஷம் தெருக்காரர்கள் மனு எழுதி எழுதி, கடைசியில் அந்தக் குளத்து வேலை எங்கள் ஆபீஸுக்கே வந்தது. வாயை அகலப்படுத்தலாமா, எவ்வளவு அகலப்படுத்துவது? விசாலம் அந்தக் காகிதக் கட்டைத் தட்டிப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டாள். "என் தெரு. என் மன்னி பத்து நாளா நனைஞ்ச விறகை ஊதிண்டிருக்கா. இதை வேறே ஆர் போடறது?" என்றாள்.

கணக்கின் போக்கு லேசானதுதான். குளத்துக்குள் நீர்மட்டம் எவ்வளவு, வெளியே காயலில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வாயில் தண்ணீரைத் தள்ளுகிறது. வித்தியாசத்திலிருந்து வேகம் கிடைக்கும். வேகத்தை வாயின் அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால், அடுத்த அரைமணியில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று தெரியும். ஓடைகள் கொண்டுவரும் மழைநீரையும் அதோடு கூட்டிக் கழித்து, குளத்தின் பரப்பால் வகுத்தால், மட்டம் எத்தனை அங்குலம் ஏறும் அல்லது இறங்கும் என்று வந்துவிடும். அந்தப் புது மட்டத்தை வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து. இப்படியே ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், அடுத்த ஏற்றம். லேசான கணக்குதான், ஆனால் முடிவே இல்லாத கணக்கு. ஒவ்வொரு அகலத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். மெஷின் அரைத்துக்கொண்டே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கமாட்டாள். துறையருகே சாயாக்கடையிலிருந்து வேகவைத்த மரவள்ளிக் கப்பையும் சாயாவும் நான்தான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். "மன்னிகிட்டே பறயாதே. கப்பை தின்னேன்னு தெரிஞ்சா கிணத்தடியிலே விசாரணை வச்சுடுவா" என்பாள்.

அவள் கணக்குக்கு வேண்டிய மட்டங்கள் எல்லாம் பார்த்த நம்பர்கள்தான். வாயின் இரண்டு பக்கமும் அளவுகோல் நட்டு, மழை தொடங்கிய நாள் முதல் ஓயும்வரை ஆள் வைத்து எடுத்தோம். ஆவணி, அதாவது சிங்ஙம், பிறந்து வானம் வெளுத்ததும் கோலைப் பிடுங்கிவிட்டோம். பெரிய சாரும் சரி என்றார், நாங்களும் சரி என்றோம். மழைக்காலத்தில்தானே வெள்ளம் வருகிறது?

அகலப்படுத்துவதைப் பற்றித் தெருவில் இரண்டு கட்சி இருந்தது. வாய் பெரிதானால் பண்டகசாலைச் சுவர் இடியும் என்று சிலர் பயந்தார்கள். அவர்களைச் சம்மதிக்க வைக்க விசாலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்தாள். கிணற்றிலிருந்து இறைத்துப் பெரிய அண்டா நிறையத் தண்ணீர் விட்டாள். பக்கத்தில் ஓட்டை விழுந்த ஒரு பித்தளைத் தவலையை மன்னி பாத்திரக்காரனுக்குப் போடுவதற்கென்று வைத்திருந்தாள். அதை எடுத்து அண்டாவுக்குள் அழுத்தினாள். தண்ணீர் ஓட்டை வழியாக மெள்ள மெள்ள உள்ளே வந்தது. "இது ஏற்றம்" என்றாள். பிறகு தவலையைத் தூக்கினாள். "இது இறக்கம். பாருங்கோ, வெளியே எறங்கியாச்சு. உள்ளே எறங்கித்தோ? ஓட்டை சின்னது, பாவம், போக முடியாமத் தவிக்கறது. நம்ம தெரு இந்தத் தவலைக்குள்ளேயாக்கும் இருக்கு."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தங்கம் மன்னி மட்டும், "அந்தத் தவலையைத் திருப்பி வச்சுடு கேட்டயா, பாத்திரக்காரன் நாளைக்கு வரான்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அன்று அந்தத் தவலையைச் சுற்றி நின்றவர்களில் நீங்கள் பலர் இருந்தீர்கள், நானும் இருந்தேன். தண்ணீர் எவ்வளவு மெள்ள வெளியே போகிறது என்றுதான் பார்த்தோம். எவ்வளவு மெள்ள உள்ளே வந்தது என்பதும் எங்கள் கண்முன்னாலேயேதான் நடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

வாய் அகலமாயிற்று. அடுத்த கர்க்கடகத்தில் மழை போட்டுக் கொட்டியது. தெருவில் கணுக்கால்கூட நனையவில்லை. குளம் நிறைவதும் வடிவதும் அவள் கணக்குப்படியே நடந்தன. அங்குலத்துக்கு அங்குலம் ஒத்துப்போயிற்று. மன்னி கிணற்றுத் தண்ணீரில் ஒரு உருளி பால்பாயசம் வைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். "எங்காத்துப் பொண்ணு கடலுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துட்டா" என்று அவள் பீற்றிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. அன்று விசாலத்தின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை.

கார்த்திகை பிறந்தது. மலையாளத்துக்கு விருச்சிகம். விருச்சிக வேலியேற்றம் என்று கொச்சியில் கேள்விப்படாதவர்கள் கிடையாது. அந்த மாசத்து அமாவாசை, பௌர்ணமி வாவு நாட்களில் கரையோரத்துத் தீவுகளில் வீட்டுக்குள் நீர் ஏறும். நமக்கும் அது தெரியும், ஆனால் அது அடுத்தவர் ஊர்ச் செய்தி. நம் தெருவில் ஒரு விருச்சிகத்திலும் ஒரு சொட்டு ஏறினதில்லை. ஏன் ஏறவில்லை என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

அந்த அமாவாசைக்கு மறுநாள் விடியற்காலை. வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்றில்லை, சத்தமில்லை. கோலம் போட வாசலைத் திறந்த பெண்கள் தண்ணீரில் கால் வைத்தார்கள். பளிங்கு மாதிரித் தெளிந்த தண்ணீர், கடல் தண்ணீர். அகலமான வாய் வழியாகத் தங்குதடையில்லாமல் குளத்துக்குள் வந்து, குளம் தளும்பி, ஓடைகளில் எதிர்த்து ஏறி, தெருவுக்கு வந்துவிட்டது. குடம் வைக்க வசதியாகக் கிணற்றின் கைப்பிடிச் சுவரை ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டியிருந்தோம். அந்தப் பக்கமாக அது உள்ளே சரிந்தது. நான் போனபோது விசாலம் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. சுவரில் சாக்குகளை அடுக்கிப் பார்த்திருக்கிறாள். பயனில்லை. வெயில் ஏறத் தண்ணீர் இறங்கிவிட்டது. மன்னி ஒரு வாளி இறைத்து, வாயில் விட்டுத் துப்பினாள்.

ஆபீஸில் பெரிய சார் அவளைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல, அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தார். வாயைக் கட்டின ஔசேப்பு மேஸ்திரி படத்தில் உள்ளதைவிட அகலமாக வெட்டிவிட்டார் என்று எழுதிவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்றார். மேஸ்திரியும் அங்கேதான் நின்றார். "படத்தில கண்டபடி தன்னெயாணு ஸாரே வெட்டியது. ஒரு விரல் கூடுதலில்லா" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். விசாலம் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, மேஸ்திரியையும் என்னையும் கூட்டிக்கொண்டு வாய்க்குப் போனாள். சேற்றில் இறங்கி அளந்தாள். திரும்பி வந்து, "பார்த்த நம்பர் ஸார். சேட்டன் வெட்டினது சரியாக்கும். கணக்குதான் தப்பு, அது என்னோடது" என்று சொல்லிவிட்டு, அதையே எழுதியும் கொடுத்தாள். ஔசேப்பு மேஸ்திரி கடைசிவரை அவளை எங்கே பார்த்தாலும் தலைமுண்டை அவிழ்த்து நிற்பார்.

அன்று சாயங்காலமே அவள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "என் கணக்கு தப்பிப்போச்சு. உங்க கிணத்துல உப்பை விட்டது நானாக்கும்." எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்தது. "சாரமில்லை, போனாப் போறது விசாலம். நீ என்ன வேணும்னா பண்ணினே? பைப்புதான் வரப்போறதே." நல்ல மனசுதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் மறுநாள் ஆபீஸில் மெஷினைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவள் என்னிடம் சொன்னது இது: "ஒருத்தராவது திட்டியிருக்கலாம் சேஷு. திட்டினா நான் திருப்பி நாலு பேசியிருப்பேன். இப்படிப் பொறுத்துண்டா நான் என்ன பண்ணுவேன்?"

பிறகு அவள் செய்ததை நீங்கள் அறிவீர்கள். ஆபீஸ் தரமாட்டேன் என்ற அளவுகோலைத் தானே நட்டு, ஒரு வருஷம் முழுக்க, மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல், ஏற்ற இறக்கங்களை எடுத்தாள். அதில்தான் விஷயம் வெளியே வந்தது. மழைக்காலத்தில் கடலே கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. விருச்சிகத்தில்தான் ஏறி நிற்கிறது. நாங்கள் கோலைப் பிடுங்கிக்கொண்டு வந்த பிறகுதான் அது ஏறத் தொடங்கியிருக்கிறது. பழைய குறுகல் வாய் மழைத்தண்ணீரை வெளியே விடாத மாதிரியே கடல்தண்ணீரையும் உள்ளே விடவில்லை. அது கொஞ்சம் உள்ளே வருவதற்குள் வெளியே இறங்கத் தொடங்கிவிடும். "நாம சபிச்சிண்டிருந்த வாய்தான் சேஷு, நம்மைக் காப்பாத்திண்டும் இருந்தது" என்றாள்.

வாய்க்கு ஒரு கதவு போட வேண்டும், மழைக்காலத்தில் திறந்து வைத்து விருச்சிக வாவுகளில் ஏற்றத்துக்கு முன்னால் மூட வேண்டும் என்று புதுக் கணக்கு எழுதிக் கொடுத்தாள். கதவு வர வருஷங்கள் ஆயின. பெரிய சார் மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வந்தார், அவரும் போனார். இவள் விடவில்லை. கதவு வந்த பிறகு நம் தெருவில் மழைத்தண்ணீரும் இல்லை, கடல்தண்ணீரும் இல்லை. சபையில் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று கேட்டபோது, "கிணத்துல உப்பைப் போட்டவளுக்குப் பொன்னாடையா? போங்கோ, போய் வேலையைப் பாருங்கோ" என்று சீறிவிட்டாள். தெருக்கோடியில் பைப்பு வந்ததும், நடக்க முடியாத கிழங்கள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் அவளே தண்ணீர் சுமந்து ஊற்றினாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறவளா?

தெருவும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. அவள் கண்ணில் படக்கூடாது என்று கிணற்றின்மேல் பலகைகளைப் போட்டு மூடினோம். பலகைமேல் மன்னி வடாமும் கொண்டாட்டம் என்கிற மோர்மிளகாயும் காயவைத்தாள். கிணறு என்ற வார்த்தையை அவள் எதிரில் யாரும் எடுப்பதில்லை. சின்னக் குழந்தைகள்கூட 'வடாம் மேடை' என்றுதான் சொல்லப் பழகின. இதைச் செய்யச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. தெரு தானாகவே அப்படி ஆயிற்று.

கதவு வந்து சில மழைகள் கழிந்த பிறகு ஒருநாள், சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, நான் அந்தப் பேச்சை எடுத்தேன். "இனிமேல் கடல் உள்ளே வராது. மழை அந்த உப்பைக் கழுவிவிடாதா?" கப்பையைப் பிட்டுக்கொண்டே, "கழுவும். மேலேயிருந்து நல்ல ஜலம் எறங்க எறங்க உப்பைத் தள்ளிண்டே போகும்" என்றாள். எத்தனை மழை வேண்டியிருக்கும் என்று கேட்டேன். கை நின்றது. "அதுக்கு என்கிட்ட நம்பர் கேக்காதே. ஒருதரம் சொன்னது போறும்."

"கணக்கு எதற்கு? பலகையை எடுத்துவிட்டு ஒரு வாளி இறைத்துப் பார்த்தால் தெரிந்துபோகிறது" என்றேன்.

அவள் கண்ணை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "இன்னும் உப்பா இருந்தா நான் எங்கே போவேன் சேஷு? அந்த முற்றத்துலதானே இருக்கணும்?"

பிறகு எனக்குக் கலூரில் வீடு அமைந்து, அக்கரைக்குப் போய்விட்டேன்.

இனி, ராமு சொன்ன அன்று நான் அவள் வீட்டு வாசலில் போய் நின்ற கதை. முற்றம் கழுவி விட்டிருந்தது. பலகைகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கிணறு திறந்து கிடந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அதன் வட்டத்தைப் பார்த்தேன். தங்கம் மன்னி துளசி மாடத்தோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "வந்தயா, உட்காரு. ஆர்கிட்டேயும் சொல்லலை. உன்கிட்டே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். பைப்பில் காலையோடு சரி, சாயங்காலம்வரை வராது. வீட்டில் இருந்ததோ ஒரு குடம். "வேறே வழியில்லை. குளிப்பாட்டத்தானே, உப்பானா என்னன்னு பலகையை எடுக்கச் சொன்னேன். ஜலம் எறைச்சுக் கொண்டுவந்தா. நான்தான் செம்பால மொண்டு விட்டேன். அழுதுண்டேதானே விடறேன், வாயில பட்டதெல்லாம் உப்புத்தான். செம்புலேந்து ஒரு சொட்டு தெறிச்சு உதட்டுல விழுந்தது சேஷு. அதுல மட்டும் உப்பில்லை."

நம்பிக்கை இல்லாமல் ஒரு கை அள்ளிக் குடித்திருக்கிறாள். இன்னொரு கை அள்ளியிருக்கிறாள். பாயசம் வைத்த அதே தண்ணீர்.

"அவ வாயிலேயும் கொஞ்சம் விட்டேன்" என்றாள் மன்னி. "கங்கையை விடறதுக்கு முன்னாலே இதைத்தான் விட்டேன். ஓரமா வழிஞ்சுடுத்து. அவளுக்குத் தெரிஞ்சிருக்குமோடா?"

எழுந்துபோய் ஒரு வாளி இறைத்தேன். குடித்தேன். எப்போது நல்லதாயிற்று என்று இனி யாராலும் சொல்ல முடியாது. போன வருஷமா, அதற்கும் முந்தியா? அவள் அந்தத் தண்ணீருக்குமேல் காய்ந்த வடாமைச் சாப்பிட்டுக்கொண்டு, நாலு வீட்டுக்குப் பைப்புத் தண்ணீர் சுமந்துகொண்டு இருந்தபோதே பலகைக்கு அடியில் அது தித்தித்துக்கொண்டிருந்தது. அவள் மனம் நோகக்கூடாது என்று நாம் மூடினோம். மனம் நொந்து அவள் திறக்கவில்லை. அவள் அறைக்கும் அந்தக் கிணற்றுக்கும் நடுவில் ஒரு துளசி மாடம்தான் இருந்தது.

தெருக்காரர்களே, பலகையைத் திரும்பப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். வடாம் காலம் வருகிறதாம். போடாதீர்கள். வடாமை எங்கேயாவது காயவையுங்கள்.

அவளுடையது என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை. அந்த ஆண்பிள்ளைக் குடையை மன்னி கொடுத்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். நான் வைத்துக்கொள்வது அவள் கேள்வி ஒன்றைத்தான். பெரிய சாரை நிறுத்திக் கேட்டாள், ஔசேப்பு மேஸ்திரிக்காகச் சேற்றில் இறங்கிக் கேட்டாள், கடலிடம் ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து கேட்டாள். கிணறு உப்பு என்று தெரு பேசாமல் பேசியதே, அதை மட்டும் கேட்காமல் போய்விட்டாள்: இது பார்த்ததா, சொன்னதா?